புள்ளி விழுந்த பிறகு பந்தை எப்படித் தொடங்குவது? அமெரிக்கக் கால்பந்து கிக்ஆஃபுக்கு நான்கு வழிகள்

அமெரிக்கக் கால்பந்தில் டச்டவுனோ (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) ஃபீல்டு கோலோ (கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) போட்ட அணியே அடுத்ததாகப் பந்தை உதைத்து எதிரணியிடம் கொடுக்க வேண்டும். இந்த உதைதான் கிக்ஆஃப். புள்ளியை இழந்தவர்களுக்குப் பந்து. சேஃப்டி (தன் கோல் கோட்டுக்குப் பின்னால் பந்தோடு மடக்கப்படுவது) மட்டும் இதற்கு நேரெதிர்: 2 புள்ளியை இழந்த அணி தன் 20 யார்டு கோட்டிலிருந்து (தன் கோல் கோட்டிலிருந்து 20 யார்டு) பந்தையும் உதைத்துக் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு உதைக்காகக் கடந்த பதினைந்து ஆண்டுகளில் எழுதி அழிக்கப்பட்ட விதிகள் ஏராளம். இப்போது ஒரு பள்ளி லீகோ சிறுவர் லீகோ தன் விதித்தாளை எழுத உட்கார்ந்தால் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: பழைய கிக்ஆஃப், தொழில்முறை லீகான என்.எஃப்.எல். கொண்டுவந்த புது கிக்ஆஃப், உதையே இல்லாமல் குறித்த கோட்டிலிருந்து தொடங்குவது, உதைக்குப் பதில் நீண்ட நான்காவது டவுன் (டவுன் என்பது பந்தை முன்னேற்றும் ஒரு முயற்சி, நான்காவதே கடைசி).

பேச்சு வழக்கமாக எது விறுவிறுப்பு, எது பாதுகாப்பு என்பதிலேயே சுற்றும். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. உங்கள் ஆட்டத்துக்கு எத்தனை நடுவர்கள் வருகிறார்கள்? உதைப்பவரால் பந்தை எவ்வளவு தூரம் அனுப்ப முடியும்? இந்த இரண்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் நான்கில் இரண்டு வழிகள் தானாகவே கழிந்துவிடும்.

பழைய கிக்ஆஃப்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதியில் உதைக்கும் அணி தன் 40 யார்டு கோட்டில் நிற்கும். பெறும் அணியின் தடுப்புக் கோடு 10 யார்டு தள்ளி, நடுக்கோட்டில். உதைப்பவரின் இரு பக்கமும் குறைந்தது நான்கு பேர் இருக்க வேண்டும். உதைப்பவரைத் தவிர மற்றவர்கள் கோட்டுக்குப் பின்னால் 5 யார்டுக்கு மேல் விலகி நின்று ஓடி வரக்கூடாது. பந்து எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டினால் அப்போதே ஆட்டம் நின்றுவிடும். அது டச்பேக், பந்து 20 யார்டு கோட்டுக்கு வரும். கல்லூரியிலும் என்.எஃப்.எல்.லிலும் அப்படியில்லை, எண்ட் சோனுக்குள் (கோல் கோட்டுக்குப் பின்னால் உள்ள பகுதி) பிடித்த பந்தையும் வெளியே ஓடிக் கொண்டுவரலாம். பள்ளி விதியின் இந்த ஒரு வரி நடுவருக்குப் பெரிய உதவி.

ஆபத்து எங்கே இருக்கிறது என்றால், ஓடும் தூரத்தில். பண்ட் (கடைசி டவுனில் பந்தைத் தொலைவுக்கு உதைத்துக் கொடுப்பது) உதைக்கும்போது பெரும்பாலானவர்கள் ஸ்னாப் கோட்டிலேயே, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் கோட்டிலேயே, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் கிளம்புகிறார்கள். கிக்ஆஃபில் பதினொரு பேர் முப்பது நாற்பது யார்டு முழு வேகம் எடுத்து, எதிரே வருபவர்கள் மேல் நேருக்கு நேர் போய் விழுகிறார்கள். 2010 அக்டோபரில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக வீரர் எரிக் லெக்ராண்ட் ஒரு கிக்ஆஃபில் ஓட்டக்காரரைத் தடுக்கப் போய் முதுகுத்தண்டு முறிந்து செயலிழந்தார். விதி மாற்றப் பேச்சு சூடுபிடித்தது அதன் பிறகுதான்.

தூரத்தைக் குறைக்காமலே ஆபத்தைக் குறைக்க முடியும் என்று காட்டியது ஐவி லீக் என்ற பல்கலைக்கழக லீக். 2015-இல் அங்கே மொத்த ஆட்டங்களில் கிக்ஆஃப் 6 சதவீதம்தான், மூளை அதிர்வுக் காயங்களில் அதன் பங்கோ 21 சதவீதம். 2016-இல் உதைக்கும் இடத்தை 35-இலிருந்து 40-க்கு முன்னால் நகர்த்தினார்கள், டச்பேக் இடத்தை 25-இலிருந்து 20-க்கு இறக்கினார்கள். ஆயிரம் கிக்ஆஃபுக்குச் சுமார் 11 ஆக இருந்த மூளை அதிர்வு 2 ஆக இறங்கியது. காரணம் எளிது: பந்து எண்ட் சோனுக்குப் போய்விட்டதால் ரிட்டர்ன் ஓட்டமே (பெறுபவர் பந்தோடு எதிர்ப்பக்கம் ஓடுவது) குறைந்தது.

இதைப் பார்த்துவிட்டுச் சிறுவர் லீக்குகள் உதைக்கும் இடத்தை முன்னே தள்ள ஆசைப்படுகின்றன. அங்கேதான் கணக்கு தப்புகிறது. 40-இலிருந்து கோல் கோடு 60 யார்டு. கல்லூரி உதைப்பவருக்கு அது எட்டும். பதிமூன்று வயதுப் பையனின் உதை 35, 40 யார்டில் விழும். அவனை 5 யார்டு முன்னால் நிறுத்தினால் டச்பேக் வராது. அதே மோதல் 5 யார்டு தள்ளி நடக்கும், அவ்வளவுதான். ஐவி லீக்கின் பலன் உதையின் வலுவோடு சேர்ந்து வந்தது.

உதைக்கும் இடமும் டச்பேக் இடமும் ஒன்றையொன்று இழுக்கும் இரண்டு திருகுகள். என்.எஃப்.எல். 1974-இல் உதைக்கும் இடத்தை 40-இலிருந்து 35-க்குப் பின்னுக்குத் தள்ளியது, 1994-இல் 30-க்கு, 2011-இல் மீண்டும் 35-க்கு. கல்லூரியிலும் அதே இழுபறிதான்: 2007-இல் 30, 2012-இல் மறுபடி 35. இடையே 2016-இல் என்.எஃப்.எல். டச்பேக்கை 25-க்கு உயர்த்தியது. பெறுபவர் எண்ட் சோனில் மண்டியிட்டு ஆட்டத்தை நிறுத்தி 25-ஐ வாங்கிக்கொள்வார், ஓட்டம் குறையும் என்பது எதிர்பார்ப்பு. சில அணிகள் உடனே பந்தை உயரத் தூக்கி, கோல் கோட்டுக்குச் சற்று முன்னால் விழவைத்து ஓட்டத்தைக் கட்டாயமாக்கின. டச்பேக் இடத்தை உயர்த்தினால் பெறுபவர் மண்டியிட ஆசைப்படுவார், உதைப்பவர் மண்டியிட விடமாட்டார். எந்த ஆசை ஜெயிக்கும் என்பது உதைப்பவரின் காலைப் பொறுத்தது.

ஐந்து நடுவர் இருந்தால் பழைய கிக்ஆஃப் சமாளிக்கக்கூடியது. பொதுவாக ஒருவர் உதைப்பவரிடம் பந்தைக் கொடுத்து அங்கேயே நிற்பார், சிலர் தடுப்புக் கோட்டருகே ஓரக்கோட்டில், மற்றவர்கள் கோல் கோட்டுப் பக்கம். பந்தைக் கொடுப்பதற்கு முன்பே இரு அணியின் தலைகளையும் எண்ணிவிட வேண்டும். விசிலுக்குப் பிறகு எண்ணினால் பன்னிரண்டாவது ஆள் ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பார். தவறு அதிகம் நடப்பது கோல் கோட்டில்தான். பெறுபவர் பின்னோக்கி நகர்ந்தபடியே 2 யார்டு கோட்டில் பந்தைப் பிடிக்கிறார், வேகம் தாங்காமல் எண்ட் சோனுக்குள் போய் விழுகிறார், அங்கேயே மடக்கப்படுகிறார். பார்ப்பவருக்கு அது சேஃப்டி. விதியில் இல்லை. 5 யார்டு கோட்டுக்குள் பிடித்து, அந்த வேகமே அவரை உள்ளே தள்ளியிருந்தால் பந்து பிடித்த இடத்துக்கே, அதாவது 2-க்கே வரும். அதற்காகத்தான் நடுவர் இடுப்பில் செருகிய சிறு பயறுப் பையை எடுத்துப் பிடித்த இடத்தில் போடுகிறார். ஓட்டக்காரரையே பார்த்துக்கொண்டு பையைப் போட மறந்தவர், பிறகு 2-ஆ, கோட்டுக்குள்ளேயா என்று யாரிடமும் கேட்க முடியாது. 2 புள்ளியும் பந்தும் அந்தப் பையில் இருக்கின்றன.

ஓரக்கோட்டைத் தாண்டிப் போன உதைக்கும் பள்ளி விதியில் பெறும் அணிக்குப் பல தெரிவுகள் உண்டு. அதில் எளியது உதைத்த இடத்திலிருந்து 25 யார்டு, அதாவது தன் 35. பயிற்சியாளரிடம் நீட்டி முழக்காமல் "35-இல் எடுக்கிறீர்களா, 5 யார்டு பின்னால் தள்ளி மறுபடி உதைக்கச் சொல்லவா" என்று கேட்டாலே போதும், பெரும்பாலும் 35-ஐத்தான் கேட்பார்கள்.

என்.எஃப்.எல்.லின் புது கிக்ஆஃப்

2023-இல் என்.எஃப்.எல். கிக்ஆஃப்களில் ஐந்துக்கு ஒன்று என்ற அளவில்தான் ரிட்டர்ன் ஓடினார்கள். மற்றதெல்லாம் பந்து காற்றில் பறப்பதை வேடிக்கை பார்க்கும் சடங்கு. 2024-இல், எக்ஸ்.எஃப்.எல். லீக் 2020-இல் பயன்படுத்திய வடிவத்தைத் தழுவிப் புதிய முறையைக் கொண்டுவந்து, 2025-இல் நிரந்தரமாக்கினார்கள்.

அமைப்பு இப்படி. உதைப்பவர் மட்டும் தன் 35-இல். அவருடைய மற்றப் பத்துப் பேரும் எதிரணியின் 40-இல், ஒரு கால் கோட்டின் மேல். பெறும் அணியில் குறைந்தது ஒன்பது பேர் தங்கள் 35-க்கும் 30-க்கும் இடையிலான பட்டையில். அவர்களில் பெரும்பாலானோரின் கால் 35 கோட்டில். இரு வரிசைக்கும் நடுவே 5 யார்டு. அதிகபட்சம் இரண்டு பேர் பின்னால், கோல் கோட்டுக்கும் 20-க்கும் இடைப்பட்ட இறங்கு பகுதியில். பந்து அந்தப் பகுதியிலோ எண்ட் சோனிலோ தரையையோ ஆளையோ தொடும்வரை உதைப்பவரும் பின்னால் நிற்கும் இருவரும் தவிர யாரும் அசையக்கூடாது. ஃபேர் கேட்ச் (கையசைத்துவிட்டு, ஓடாமல் பாதுகாப்பாகப் பிடிப்பது) கிடையாது.

பந்து எங்கே விழுகிறது என்பதற்குத் தகுந்த விலை உண்டு. 20-ஐ எட்டாமல் விழுந்தால் பெறும் அணிக்கு 40. இறங்கு பகுதியில் விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். அங்கே தரையில் பட்டு எண்ட் சோனுக்குள் உருண்டு, அங்கேயே மண்டியிட்டால் 20. தரையில் படாமல் நேராக எண்ட் சோனுக்குள் போய் டச்பேக் ஆனால் 2024-இல் 30, 2025 முதல் 35.

அந்த 5 யார்டில்தான் பயிற்சியாளர்களின் புத்தி தெரிந்தது. 30 என்று இருந்தபோது பல அணிகள் "30-ஐக் கொடுத்துவிடலாம், ஓட்டம் விட்டு ஆபத்தை வாங்க வேண்டாம்" என்று கணக்குப் போட்டன. ரிட்டர்ன் மூன்றில் ஒன்றுக்குத்தான் ஏறியது. 35 ஆனதும் பெரும்பாலான உதைகளுக்கு ரிட்டர்ன் வந்தது. உதைப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. சுழலாமல் தாழ்வாகப் போய், இறங்கு பகுதியில் கோணல்மாணலாகத் துள்ளும் உதைகளைப் பழகிக்கொண்டார்கள்.

விதியாக இது அழகானது. வேகம் எடுக்க இடமில்லை, ஆனால் ஓட்டம் இருக்கிறது. சிக்கல் பார்ப்பதில். ஒரே நேரத்தில் பத்துக் கால்கள் 40-இல் இருக்கின்றனவா, பெறும் அணியின் கால்கள் 35-இல் இருக்கின்றனவா, பந்து இறங்குவதற்கு அரை நொடி முன்னால் யார் தோளை அசைத்தது, பந்து முதலில் எங்கே தொட்டது என்று நான்கு தனித்தனி வேலைகள். ஏழு நடுவரும் காணொளி மறுபார்வையும் உள்ள இடத்துக்கு எழுதப்பட்டது இது.

கோல் கோட்டில் நிற்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். தாழ்வாக வந்த பந்து கோட்டருகே புல்லில் பட்டுத் துள்ளி உள்ளே போகிறது. கோட்டுக்கு ஒரு கை அகலம் முன்னால் பட்டிருந்தால், மண்டியிட்டால் 20. கோட்டிலோ உள்ளேயோ பட்டிருந்தால் 35. ஒரு கை அகலத்துக்கு 15 யார்டு வித்தியாசம். கோட்டின் நேராக நின்று பார்த்தால் மட்டுமே சொல்ல முடியும், 10 யார்டு தள்ளி நின்றவரின் ஊகத்துக்கு மதிப்பில்லை. ஆக, இந்த விதியை எடுத்தால் கோல் கோட்டின் இரு முனையிலும் ஒவ்வொருவரை நிறுத்தி, உதை பறக்கும்போது அவர்கள் வேறெதையும் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட வேண்டும். ஐந்து பேர் வரும் ஆட்டத்தில் மிச்சம் மூவர். இருபது கால்களுக்கு மூன்று ஜோடிக் கண்கள் போதாது.

சிறுவர்களுக்கு இன்னொரு தடை. 35-இலிருந்து இறங்கு பகுதியின் தொடக்கம் 45 யார்டு. அது காற்றிலேயே போக வேண்டும். எட்டாத உதைக்கெல்லாம் பந்து 40-க்கு வரும் என்றால், உதையை நடத்தாமலேயே 40-இல் வைத்துவிடலாம். கட்டாயம் வேண்டும் என்பவர்கள் உதைப்பவரை நடுக்கோட்டுக்குக் கொண்டுவரட்டும். 30 யார்டு எட்டினால் போதும். என் பார்வையில், உதைப்பவர்களில் பாதிப் பேராவது பயிற்சியில் அந்தத் தூரத்தைத் தொடாத லீக் இதை எண்ணவே வேண்டாம்.

உதையே இல்லாமல்

பாப் வார்னர் சிறுவர் லீக் 2016-இல் தன் மிக இளைய பிரிவுகளில் கிக்ஆஃபை எடுத்துவிட்டுப் பந்தை 35-இல் வைத்தது. 2019-இல் தொடங்கி முதல் பருவத்தின் பாதியிலேயே நின்றுபோன ஏ.ஏ.எஃப். பெரியவர்கள் லீகிலும் கிக்ஆஃப் கிடையாது, 25-இல் தொடக்கம். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வரும் கொடிக் கால்பந்திலும் (மடக்குவதற்குப் பதில் இடுப்புக் கொடியைப் பறிக்கும் ஆட்டம்) உதை என்பதே இல்லை. ஐவர் அணி, தன் 5 யார்டு கோட்டிலிருந்து கிளம்பும்.

நடுவருக்கு இதைவிட லேசான வேலை இல்லை. பந்தை வைத்து, சங்கிலியை நீட்டி, விசில் ஊதினால் முடிந்தது. மூன்று பேர் மட்டும் வரும் காலை ஆட்டத்துக்கு இதுவே சரி. அணியில் உதைப்பவருக்கும் ரிட்டர்ன் ஓட்டக்காரருக்கும் வேலை போகும், எல்லாத் தொடக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்பது உண்மைதான். பத்து வயதில் அது பெரிய இழப்பில்லை.

ஆனால் "கிக்ஆஃப் இல்லை, பந்து 35-இல்" என்ற ஒற்றை வரியோடு விதித்தாளை மூடிவிடுகிறார்கள். முதல் வாரத்திலேயே மூன்று கேள்விகள் வந்து நிற்கும். டச்டவுன் விழும்போது தடுப்பு அணி தவறு செய்திருந்தால் அந்தப் பெனால்டியை அடுத்த கிக்ஆஃபில் சேர்த்துக்கொள்ளலாம் என்பது வழக்கமான விதி. கிக்ஆஃப் இல்லாதபோது எங்கே சேர்ப்பது? தொடக்கக் கோட்டில்தான்: 15 யார்டு பெனால்டி என்றால் பெறும் அணி 35-க்குப் பதில் 20-இல் தொடங்கும். இரண்டாவது, சேஃப்டிக்குப் பிறகு? 20-இலிருந்து உதைக்கும் உதை பெரும்பாலும் நடுக்கோட்டுப் பக்கம்தான் வந்து முடியும், ஆகவே பெறும் அணிக்கு நடுக்கோடு என்று எழுதினால் இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும். மூன்றாவது கடிகாரம். கிக்ஆஃபில் பந்தைக் களத்துக்குள் முறையாகத் தொட்டதும் கடிகாரம் ஓடத் தொடங்கும், சில நொடிகள் கரையும். இங்கே அது ஸ்னாப்பில்தான் ஓட வேண்டும். எழுதாமல் விட்டால், கடைசி நிமிடத்தில் முன்னிலையில் இருக்கும் பயிற்சியாளர் பந்தை வைத்தவுடனே ஓடவிடுங்கள் என்பார், அவரை மறுக்க உங்கள் தாளில் வரி இருக்காது.

நீண்ட நான்காவது டவுன்

உதையை எடுத்தால் பின்தங்கிய அணிக்கு ஆன்சைடு கிக்கும் (உதைத்த அணியே மீட்கப் பார்க்கும் குட்டை உதை) போய்விடுகிறது. போனால் போகட்டும் என்றே சொல்லலாம். 2018-இல் என்.எஃப்.எல். உதைக்கும் அணியின் ஓட்டத் தொடக்கத்தைத் தடைசெய்து, உதைப்பவரின் இரு பக்கமும் ஐந்தைந்து பேர் என்று கட்டியதும், ஐந்தில் ஒன்று வெற்றி பெற்றுவந்த ஆன்சைடு கிக் பத்தில் ஒன்றுக்கும் கீழே போனது. 2024-இல் ஐம்பது முயற்சியில் மூன்றுதான் பலித்தது.

அதற்கு மாற்றாகச் சொல்லப்படுவது: புள்ளி போட்ட அணி பந்தை உதைக்காமல் தன் பக்கத்தில் ஒரே ஒரு டவுன் விளையாடலாம், குறித்த யார்டை எடுத்தால் பந்து அதற்கே. லெக்ராண்டின் பயிற்சியாளர் கிரெக் ஷியானோ முன்வைத்த வடிவம், தன் 30-இலிருந்து நான்காவது டவுன், 15 யார்டு. விரும்பினால் பண்ட் உதைத்துவிடலாம். ஏ.ஏ.எஃப். 28-இலிருந்து 12 யார்டு வைத்தது, 2023 எக்ஸ்.எஃப்.எல். 25-இலிருந்து 15. என்.எஃப்.எல்.லில் டென்வர் 2019-இல் 35-இலிருந்து 15 என்றும், ஃபிலடெல்ஃபியா 2023-இல் 20-இலிருந்து 20 என்றும் கேட்டுப் பார்த்தன, ஏற்கப்படவில்லை.

நடுவர் கண்ணுக்கு இது எளிது. தினமும் பார்க்கும் ஸ்னாப், தினமும் பார்க்கும் பாஸ். கோட்டில் குவிந்த இருபது பேர் நடுவே பந்து யார் வயிற்றுக்கடியில் என்று தோண்ட வேண்டியதில்லை.

பெனால்டிதான் பொறி. என்.எஃப்.எல். விதியில் தடுப்பு அணியின் பிடித்திழுக்கும் தவறுக்கு 5 யார்டுதான், கூடவே தானாக முதல் டவுன். 15 யார்டு எடுக்க வேண்டிய அணி 5 யார்டுக் கொடியில் பந்தை வைத்துக்கொள்ளும். ஆட்டத்தின் முடிவு ஓரத்தில் நிற்கும் ஒரு நடுவரின் கொடிக்குள் போய்விடும். இந்த வழியை எடுப்பவர்கள் இப்படி எழுதலாம்: இந்த ஒரு ஆட்டத்தில் தானாக முதல் டவுன் இல்லை, யார்டு மட்டும் கூட்டப்படும், டவுன் மறுபடி ஆடப்படும். தாக்கும் அணி தவறு செய்தால் தடுப்பு அணி மறுத்துப் பந்தை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை முறை கேட்கலாம் என்பதையும் கட்ட வேண்டும். வரம்பில்லாமல் விட்டால் நல்ல பாஸ் வீரர் உள்ள அணி புள்ளி போடுவதும் பந்தை வைத்துக்கொள்வதுமாக எதிரணியைக் களத்துக்கே விடாது. பின்தங்கிய அணிக்கு மட்டும், நான்காவது கால்பகுதியில், ஒரு முறை என்பது நியாயமான அளவு.

எந்த ஆட்டத்துக்கு எது

பத்து வயதுக்குக் கீழே 35-இலிருந்து தொடக்கம், விவாதமே வேண்டாம். பதினொன்று முதல் பதினான்கு வரை அதோடு நான்காவது டவுன் வாய்ப்பு ஒன்றைச் சேர்க்கலாம். உயர்நிலைப் பள்ளியில் ஐந்து நடுவர் வருவது உறுதியென்றால் 40-இலிருந்து பழைய கிக்ஆஃபையே வைத்துக்கொள்ளுங்கள், கோல் கோடு தாண்டினால் பந்து செத்தது என்ற வரியை மட்டும் யார் கேட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏழு நடுவரும், 60 யார்டு உதைப்பவரும், தெளிவாகக் கோடு போட்ட மைதானமும் இருக்கும் லீக் புது கிக்ஆஃபை முயலலாம். அப்போதும் முதல் பருவத்தில் டச்பேக்கை 30-இல் வைத்து ஓட்டம் மெதுவாக ஏறட்டும். நடுவர்கள் கோட்டுக்குப் பழகிய பிறகு 35.

எதை எடுத்தாலும் பருவத்தின் நடுவில் மாற்றாதீர்கள். மாற்றினால் ஓரக்கோட்டில் நிற்கும் இரண்டு பயிற்சியாளர்கள் கையிலும் இரண்டு வேறு தாள்கள் இருக்கும். ஆட்டத்துக்கு முன் காசு சுண்டும்போதே நடுவர் இரு தலைவர்களிடமும் மூன்று எண்களை வாய்விட்டுச் சொல்லிவிடட்டும்: தொடங்கும் கோடு, டச்பேக் கோடு, ஓரம் தாண்டினால் எந்தக் கோடு.